புது வேலையில் சேர்ந்த கையோடு நீண்ட லீவு: திரும்பிவரும் வாரத்தை எப்படிக் கையாள்வது?

வேலைக்குச் சேர்ந்து மூன்றோ ஐந்தோ வாரம்தான் ஆகியிருக்கும். அதற்குள் ஆண்டு இறுதி விடுமுறை வந்துவிடுகிறது. பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் எல்லாமே மங்கலாகத் தெரியும். அந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருந்தது, எதிர் வரிசையில் இருப்பவர் பெயர் என்ன, வாராந்திர ரிப்போர்ட் யாருக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தடுமாற்றம்.

அங்கேயே பல வருடம் இருப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. இரண்டு நாள் சோம்பல் இருக்கும், பிறகு கை தானாக வேலையைப் பிடித்துக்கொள்ளும். புதியவருக்கோ கற்றதே பாதி. அது படிவதற்கு முன்பே இடைவெளி விழுந்துவிட்டது. இதைச் சோம்பல் என்றோ திறமைக் குறைவு என்றோ எடுத்துக்கொண்டு தன்னையே நொந்துகொள்பவர்கள் நிறையப் பேர். அது தேவையில்லாத வேதனை.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வு இதற்கு நேரடியாகப் பொருந்தும். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு சீக்கிரம் மறக்கின்றன என்று தன்னையே வைத்துச் சோதித்தார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிவிட்டது. ஆனால் அதே பட்டியலை மறுபடி கற்றபோது முதல் முறையைவிடக் குறைந்த நேரமே பிடித்தது. உங்கள் நிலையும் இதுதான். மறந்துவிட்டதாகத் தோன்றுவதன் சுவடு உள்ளே இருக்கிறது. முதல் வாரத்தில் அதைத் திட்டமிட்டு மீட்பதுதான் வேலை. கீழே உள்ளவை எல்லாம் அதற்கான படிகள்.

மூன்று நாள் முன்பே: தூக்கம்

லீவில் இரவு ஒரு மணிக்குப் படுத்துக் காலை ஒன்பதுக்கு எழுந்தவர், வேலைநாள் காலை ஆறரைக்கு அலாரம் வைத்து எழுந்தால் உடல் ஒத்துழைக்காது. மனித உடலின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது. அதனால்தான் தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது எளிதாகவும், முன்னுக்கு இழுப்பது கடினமாகவும் இருக்கிறது.

வேலை தொடங்கும் நாளுக்கு மூன்று நான்கு நாள் முன்பிருந்தே ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள். படுக்கும் நேரத்தை முதலில் மாற்ற முயன்றால் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பீர்கள். எழும் நேரத்தை மாற்றினால் படுக்கும் நேரம் தானாகப் பின்தொடரும். எழுந்ததும் இருபது நிமிடமாவது வெளிச்சத்தில் நில்லுங்கள். கடிகாரத்தை முன்னுக்கு இழுப்பதில் காலை வெளிச்சத்துக்கு நிகர் வேறில்லை. மதியத்துக்குப் பிறகு காபியைத் தவிருங்கள். குடித்த கஃபீனில் பாதி உடலை விட்டு வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பத்து மணிக்கும் உடலில்தான் இருக்கும்.

முந்தைய மாலை: லேப்டாப்பும் பாஸ்வேர்டும்

முதல் நாள் காலை இரண்டு மணி நேரம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். அலுவலக லேப்டாப் கையில் இருந்தால் முந்தைய நாள் மாலையே சார்ஜரில் போட்டு, இணையத்தோடு இணைத்து ஆன் செய்யுங்கள். இரண்டு வாரம் மூடிக்கிடந்த லேப்டாப்பில் அப்டேட்டுகள் குவிந்திருக்கும். அவை இறங்கி, ரீஸ்டார்ட் ஆகி முடிய ஒரு மணி நேரம்கூட ஆகலாம். முதல் மீட்டிங்கின் நடுவில் திரை கறுத்துப்போவது இதனால்தான்.

பல நிறுவனங்களில் 60 அல்லது 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும். லீவுக்குள் அந்தக் கெடு முடிந்திருந்தால் உள்ளே போகும்போதே மாற்றச் சொல்லும். வீட்டிலிருந்து மாற்றுவதானால் முதலில் வி.பி.என் இணைப்பை (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் வழி) போட்டுவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் சில அமைப்புகளில் லேப்டாப் பழைய பாஸ்வேர்டையும் அலுவலக சர்வர் புதியதையும் வைத்துக்கொண்டு நிற்கும்.

பலருக்கும் பிடிபடாத சிக்கல் ஒன்று உண்டு. பாஸ்வேர்டை மாற்றிய அரை மணியில் கணக்கு தானாகப் பூட்டிக்கொள்ளும். ஐ.டி குழு திறந்துவிட்டாலும் மறுபடி பூட்டும். காரணம் உங்கள் போன்தான். அதிலுள்ள மெயில் ஆப்பும் அலுவலக வைஃபையும் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு விடாமல் முயன்றுகொண்டிருக்கும். தவறான முயற்சிகள் வரம்பைத் தாண்டியதும் கணக்கு பூட்டப்படும். ஆகவே பாஸ்வேர்டை மாற்றிய உடனே போன், டேப்லெட், வைஃபை என எல்லா இடத்திலும் புதியதைக் கொடுத்துவிடுங்கள்.

லீவில் புதுப் போன் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உள்நுழைவுக்கான ஆறு இலக்க எண்ணைத் தரும் ஆதென்டிகேட்டர் ஆப் பழைய போனோடு இணைந்தது. புதுப் போனில் ஆப்பை நிறுவினால் மட்டும் போதாது, கணக்கையும் மாற்ற வேண்டும். அதுவரை பழைய போனை அழித்துவிடாதீர்கள், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எண் சரியாக இருந்தும் ஏற்க மறுத்தால் போனின் நேரத்தைப் பாருங்கள். பயணத்தில் நேரத்தைக் கையால் மாற்றியிருப்பீர்கள். அந்த எண் பொதுவாக 30 விநாடிக்கு ஒருமுறை கடிகாரத்தை வைத்தே உருவாகிறது. ஒன்றிரண்டு நிமிடம் பிசகினாலும் பொருந்தாமல் போகலாம். நேரத்தைத் தானியங்கி அமைப்பில் விட்டால் சரியாகிவிடும்.

முதல் நாள் காலை: மெயில்

திறந்ததும் நானூறு மெயில் நிற்கும். பழையதிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் எழுதத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. டிசம்பர் 23-இல் ஒருவர் கேட்ட கேள்விக்கு 24-ஆம் தேதியே வேறொருவர் பதில் சொல்லியிருப்பார். அது தெரியாமல் நீங்கள் இப்போது பதில் அனுப்பினால் முடிந்துபோன விஷயம் எல்லோர் பெட்டியிலும் மறுபடி எழுந்து நிற்கும்.

முதல் முக்கால் மணி நேரம் யாருக்கும் பதில் எழுதாதீர்கள். அந்த நேரத்தை இப்படிச் செலவிடுங்கள்.

முதலில், லீவு என்று சொல்லும் தானியங்கிப் பதிலை நிறுத்துங்கள். முடிவுத் தேதி கொடுத்திருந்தாலும் ஒருமுறை திறந்து பாருங்கள். ‘விடுமுறையில் இருக்கிறேன்’ என்று பதில் போய்க்கொண்டிருந்தால் அவசரமானவர்கள் உங்களை விட்டுவிட்டு வேறு ஆளிடம் போய்விடுவார்கள்.

அடுத்து, மெயிலைத் தொடவே வேண்டாம், காலண்டரைத் திறங்கள். இன்றும் இந்த வாரமும் என்ன மீட்டிங் என்று பாருங்கள். நீங்கள் இல்லாதபோது வந்த அழைப்புகள் ஏற்கவும் படாமல் மறுக்கவும் படாமல் தொங்கிக்கொண்டிருக்கும். பயணம் போன ஊரின் நேர மண்டலம் காலண்டரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் சரிபாருங்கள். மீட்டிங்குக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

பிறகு மெயில். பட்டியலை உரையாடல் வாரியாகத் தொகுத்துக்கொள்ளுங்கள். ஒரே விஷயத்தைப் பற்றிய இருபது மெயில் ஒரே வரியாகச் சுருங்கும். ஒவ்வொன்றிலும் கடைசி மெயிலை மட்டும் படியுங்கள். புரியாவிட்டால் மட்டும் மேலே போங்கள். அதன்பின் அனுப்பியவர் பெயர் வாரியாக வரிசைப்படுத்துங்கள். மேனேஜர், உங்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பவர், ஹெச்.ஆர், சம்பளப் பிரிவு ஆகியவற்றிலிருந்து வந்தவற்றை முதலில் முடியுங்கள். இயந்திரம் அனுப்பிய அறிவிப்புகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்திருக்கும், அவற்றை மொத்தமாகத் தள்ளிவைக்கலாம். நேரடியாக உங்கள் பெயருக்கு வந்ததையும் வெறும் நகலாக வந்ததையும் பிரித்துப் பாருங்கள். நகல்கள் மாலைவரை காத்திருக்கும்.

படிக்கும்போதே ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: நான் செய்ய வேண்டியது, நான் கேட்க வேண்டியது, தெரிந்துகொண்டால் போதும் என்பது. நானூறு மெயிலில் முதல் பத்திக்கு வருவது பெரும்பாலும் பத்துப் பதினைந்துதான். அதைப் பார்த்ததும் மூச்சு கொஞ்சம் இறங்கும்.

எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் ‘படித்தாயிற்று’ என்று குறிக்கும் ஆசை வரும். பழைய ஆட்கள் அப்படிச் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். எது அவசியம், எது குப்பை என்று அவர்களுக்குத் தலைப்பைப் பார்த்தே தெரியும். உங்களுக்கு இன்னும் அது பிடிபடவில்லை.

ஒரு எச்சரிக்கை. விடுமுறை முடியும் நேரம் மோசடி மெயில்களுக்கு ஏற்ற காலம், புதியவர்கள் அதற்கு ஏற்ற இலக்கு. ‘உங்கள் பாஸ்வேர்ட் காலாவதியாகிவிட்டது, இங்கே சொடுக்கவும்’ என்று வரும். அல்லது மேலதிகாரி பெயரில், ‘மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, உடனே கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்புங்கள்’ என்று வரும். பெயரை நம்பாமல் முழு மெயில் முகவரியைப் பாருங்கள். பணம், கார்டு, பாஸ்வேர்ட் என்று எது வந்தாலும் அந்த மெயிலுக்குப் பதில் போடாமல், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அழைத்துக் கேளுங்கள். அவசரப்படுத்துவதுதான் அந்த மோசடியின் உயிர்நாடி.

மேனேஜரிடம் பதினைந்து நிமிடம்

முதல் நாள் மதியத்துக்குள் கேட்டு வாங்குங்கள். காலையிலேயே எழுதிவிடலாம்:

‘வணக்கம். லீவு முடிந்து இன்று வந்துவிட்டேன். மெயில்களைப் பார்த்துவிட்டேன். இந்த வாரம் நான் முதலில் எடுக்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றும் மூன்றைக் கீழே எழுதியிருக்கிறேன். வரிசை சரியா என்று தெரிந்துகொள்ள இன்று 15 நிமிடம் கிடைக்குமா?’

வெறும் கையோடு போய் ‘நான் என்ன செய்யட்டும்?’ என்று நின்றால் அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். லீவு முடிந்து வந்த அவருக்கும் அதற்கு நேரமில்லை. நீங்கள் ஒரு வரிசையோடு போனால் அவர் திருத்தினால் போதும். வரிசை தவறாக இருந்தாலும் பரவாயில்லை. எது ஏன் முன்னே வருகிறது என்று அவர் விளக்கும்போதுதான் அந்த அலுவலகத்தின் போக்கு உங்களுக்குப் புரியும்.

மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். நான் இல்லாதபோது மாறியது எது? என் வேலைக்காக யாராவது காத்திருக்கிறார்களா? இந்த மாதக் கடைசிக்குள் என்னிடமிருந்து எதை எதிர்பார்க்கிறீர்கள்? மூன்றாவதுதான் மிக முக்கியம். ஆண்டு இறுதிக்குச் சற்று முன்பு சேர்ந்தவர்கள் பார்த்தது பாதிப் பேர் லீவில் இருந்த அலுவலகத்தை. வேலை மெதுவாகப் போயிருக்கும், தவறுகள் கண்ணில் பட்டிருக்காது. அதையே இயல்பு என்று எண்ணிக்கொண்டால் ஜனவரி வேகம் திணறடிக்கும்.

மறந்த வேலையை மீட்பது

இந்த வாரத்தில் மற்ற எதைவிடவும் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான்.

லீவுக்கு முன் எழுதிய குறிப்பேட்டை எடுங்கள். உடனே படிக்க வேண்டாம். வெற்றுத்தாள் ஒன்றை வைத்துக்கொண்டு, நீங்கள் அடிக்கடி செய்யும் ஒரு வேலையின் படிகளை நினைவிலிருந்து எழுதுங்கள். வாராந்திர ரிப்போர்ட் என்று வையுங்கள்: எங்கிருந்து தரவை எடுப்பது, எந்தக் கோப்பில் ஒட்டுவது, எதைச் சரிபார்ப்பது, யாருக்கு எத்தனை மணிக்கு அனுப்புவது. நினைவில்லாத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். எழுதி முடித்த பிறகு குறிப்பேட்டோடு ஒப்பிடுங்கள். வெறுமனே படித்தால் எல்லாம் தெரிந்ததுபோலவே தோன்றும். எழுதிப் பார்த்தால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும். அப்படி முட்டி மோதி நினைவுக்குக் கொண்டுவந்தது நன்றாகப் பதியவும் செய்யும்.

குறிப்பேட்டிலும் விடை இல்லாத கேள்விக்குறிகளைச் சேர்த்துக்கொண்டு, கற்றுக்கொடுத்தவரிடம் ஒரே தடவையில் கேளுங்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை போய் நின்றால் அவர் வேலையும் கெடும், உங்களுக்கும் கூச்சம் வரும். அரை மணி நேரம் கேட்டு வாங்கி, தாளை நீட்டிக் கேளுங்கள்: ‘ஏழாவது படிவரைக்கும் நானே எழுதிட்டேன். எட்டாவதுல எந்தக் கோப்போட ஒப்பிடணும்ங்கிறது மட்டும் விட்டுப்போச்சு.’ இப்படிக் கேட்பவரைப் பார்த்து ‘போன மாசமே சொன்னேனே’ என்று யாரும் சலித்துக்கொள்வதில்லை, பாதியை நீங்களே கொண்டுவந்துவிட்டீர்கள். லீவு முடிந்த முதல் வாரத்தில் இரண்டாம் தடவை கேட்பதை எல்லோரும் இயல்பாகவே எடுத்துக்கொள்வார்கள். பிப்ரவரி கடைசியில் அதே கேள்வியைக் கேட்டால் அப்படி இருக்காது. தயங்காமல் இப்போதே கேட்டுவிடுங்கள்.

அவர் செய்து காட்டும்போது மவுஸை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். பழகியவர் கை வேகமாகப் போகும். மூன்று சொடுக்கில் அவர் முடிப்பதில் எது எங்கே இருந்தது என்று கண்ணுக்குச் சிக்காது. செய்து முடித்த ஒரு மணி நேரத்துக்குள் படிகளைச் சுத்தமாக எழுதிவையுங்கள். ஒவ்வொரு படியிலும், தவறினால் என்ன ஆகும் என்றும் ஒரு வரி சேருங்கள். ‘வடிகட்டியை எடுக்காமல் நகலெடுத்தால் மறைந்திருக்கும் வரிகள் வராது, கூட்டுத்தொகை குறையும்’ என்பது போல. வெறும் படிகளைவிட இந்த வரிகள்தான் பின்னால் காப்பாற்றும்.

முதல் தடவை தனியாகச் செய்யும்போது கெடுவுக்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்குங்கள். கற்றுக்கொடுத்தவர் இருக்கையில் இருக்கும் நேரமாகவும் அது இருக்கட்டும்.

பெயர் மறந்துபோனால்

இது சின்ன விஷயம் என்று தோன்றும், ஆனால் பலர் இதற்காகவே சிற்றுண்டி அறைப் பக்கம் போகாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். முதல் வாரத்தில் நேராகக் கேளுங்கள்: ‘மன்னிக்கணும், லீவுக்கு முன்னாடி பேசினோம், உங்க பேர் மட்டும் மறந்துபோச்சு.’ கேட்டதும் அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். இருக்கைக்கு வந்ததும் குறிப்பேட்டில் இருக்கை வரிசையை வரைந்து பெயரை எழுதி, பக்கத்தில் அவர் என்ன வேலைக்குப் பொறுப்பு என்றும் குறியுங்கள். ஒரு வாரத்தில் அந்தப் பக்கமே ‘எதற்கு யாரிடம் போவது’ என்ற அட்டவணையாகிவிடும்.

தேதியில் வரும் பிழை

ஜனவரியில் எல்லோரும் பழைய ஆண்டை எழுதுவார்கள், அது கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாத பிழை எக்செலில் வருவது. நாளையும் மாதத்தையும் மட்டும் தட்டினால் எக்செல் நடப்பு ஆண்டைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும். ஜனவரி 5 அன்று உட்கார்ந்து டிசம்பர் 28-க்கான பதிவைத் தட்டினால், அது இனிமேல் வரப்போகும் டிசம்பராகப் பதிவாகும். கட்டத்தில் ஆண்டு தெரியாத வடிவம் இருந்தால் பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். மாதக் கணக்கில் மட்டும் இடிக்கும். போன ஆண்டுப் பதிவுகளுக்கு ஆண்டையும் சேர்த்து முழுத் தேதியாகத் தட்டுங்கள். கோப்புப் பெயரில் தேதி போடுவதானால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் போடுங்கள். பெயர் வாரியாக அடுக்கினாலே கால வரிசையில் நிற்கும்.

லீவுக் கணக்கு, டைம்ஷீட்

போட்ட லீவு ஒப்புதல் ஆகியிருக்கிறதா என்று ஹெச்.ஆர் தளத்தில் பாருங்கள். வாயால் சரி என்று சொன்ன மேனேஜர் தளத்தில் சொடுக்க மறந்திருக்கலாம். அப்படியே விட்டால் சம்பளமில்லா நாளாகக் கணக்காகிவிடலாம். விடுபட்ட டைம்ஷீட்டையும் முதல் இரண்டு நாளுக்குள் முடியுங்கள். சம்பளக் கணக்கு மூடும் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நியமனக் கடிதத்தை எடுத்து, புரொபேஷன் முடியும் நாளையும் பாருங்கள். எடுத்த லீவு நாட்களுக்கு ஏற்ப அது நீளும் என்ற விதி இருக்கிறதா என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். நாள் உறுதியானதும் அதற்கு ஒரு மாதம் முன்பு, மேனேஜரோடு பேச ஒரு மீட்டிங்கை இப்போதே காலண்டரில் போட்டுவிடலாம்.

அடுத்த லீவுக்கு முன் எழுத வேண்டிய அரைப் பக்கம்

முதல் வாரம் முடியும் நாள் மாலை, திரும்பி வந்தபோது எவையெல்லாம் தேட வைத்தன என்று எண்ணிப் பாருங்கள். அவையே அடுத்த லீவுக்கு முன் எழுத வேண்டிய குறிப்பின் தலைப்புகள். பாதியில் நிற்கும் வேலை எது, அதில் அடுத்த படி என்ன, கோப்பு எந்த ஃபோல்டரில், எந்தப் பெயரில் இருக்கிறது, யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறது, பாஸ்வேர்ட் எந்தத் தேதியில் காலாவதியாகிறது. ‘அடுத்த படி’ என்ற இடத்தில் ‘ரிப்போர்ட்டை முடிக்க வேண்டும்’ என்று எழுதாதீர்கள். ‘மூன்றாம் தாளில் 40-ஆம் வரிவரை சரிபார்த்தாயிற்று, 41-இலிருந்து தொடர வேண்டும்’ என்று எழுதுங்கள். அந்தக் குறிப்பைக் கிளம்பும் நாள் மாலை உங்களுக்கே மெயிலாக அனுப்பி, திரும்பும் நாள் காலை முதல் அரை மணி நேரத்தில் அதைத் திறக்கும்படி காலண்டரில் ஒரு நினைவூட்டல் வையுங்கள்.